சுக்கான்மேட்டில் ஏர் பூட்டிய வருஷம்

திருமழிசைக்கு மேற்கே நான் வாழ்க்கைப்பட்ட ஊரில் எங்களுக்கு மூன்று காணி நிலம் இருந்தது. நிலம் என்று சொல்வது என் வாய்ப்பழக்கம். ஊரார் அதைச் சுக்கான்மேடு என்றார்கள். மேலே ஒரு சாண் மண், சில இடத்தில் நாலு விரல்கூடத் தேறாது. அதற்குக் கீழே வெள்ளை வெளேரென்று சுக்கான்கல். காளவாயில் போட்டுச் சுட்டால் சுண்ணாம்பு ஆகும், அவ்வளவுதான் அதன் பிரயோசனம். கடப்பாரையைப் போட்டால் கடப்பாரைதான் மழுங்கும். அதன்மேல் ஊசிப்புல்லும் ஆவாரையும் சூரைமுள்ளும் முளைத்துக் கிடந்தன. மழை விட்ட மாசங்களில் தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு அது பச்சைப் பசேலென்று தெரியும். என்னைப் பெண் கேட்டு வந்தபோது என் நைனா அதைக் கார்த்திகை மாசத்தில், ரோட்டில் வண்டியை நிறுத்தி, வண்டியில் உட்கார்ந்தபடியே பார்த்துவிட்டு வந்தார். கார்த்திகையில் எதுதான் பச்சையாக இருக்காது?

நான் அயனம்பாக்கத்துப் பெண். எங்கள் நிலம் பெரிய ஏரிப் பாய்ச்சலில் இருந்தது. நடவுக்கு இறங்கினால் முழங்கால் வரை சேறு. ஆள் உயரம் வெட்டினாலும் கறுப்பு மண்தான் வரும். எங்கள் ஊரில் கல்லைப் பார்க்கவேண்டும் என்றால் கோயிலுக்குத்தான் போகவேண்டும். அந்தப் பெருமையிலேயே வளர்ந்தவள். ஐந்தாவது வரை படித்தவள் வேறு. வாய்க்குக் கேட்கவா வேண்டும்?

கல்யாணத்துக்கு நைனா ஒரு ஜோடி உழவுமாடு கொடுத்தார். இரண்டும் வெள்ளை, இளங்காளைகள். சேற்றைத் தவிர வேறெதையும் மிதிக்காத கால்கள். அவற்றை ஓட்டிக்கொண்டு வந்து புருஷன் வீட்டில் கட்டியபோதுதான் தெரிந்தது, அந்த வீட்டில் ஏரே இல்லை என்று.

என் வீட்டுக்காரர் ஆடு வளர்ப்பவர். அவருடைய அண்ணனுக்கு ஏரிக்குக் கீழே நன்செய் போய்விட்டது, இளையவரான இவருக்குச் சுக்கான்மேடு வந்தது. அதற்காக அவர் ஒருநாளும் வருத்தப்பட்டு நான் பார்க்கவில்லை. முப்பதுக்கு மேல் செம்மறி வைத்திருந்தார். மேட்டைக் குறுக்கே முள்வேலி போட்டு இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் மேய்ப்பார், மறுபாதியை ஆடியிலிருந்து தைவரை ஆட்டின் நிழல்கூடப் படாமல் ஆறப்போடுவார். அடுத்த வருஷம் மாற்றிக்கொள்வார். இரவுக்கு ஆட்டை நன்செய்க்காரர்களின் தரையில் பட்டி மடக்குவார். எருவுக்குப் பதிலாக அவர்கள் அறுப்பில் நெல் அளப்பார்கள். அந்த நெல்லில்தான் எங்கள் அடுப்பு எரிந்தது.

தினமும் காலையில் ஆட்டைத் திறப்பதற்கு முன்னால் மேட்டில் ஏறி அவர் ஒரு காரியம் செய்வார். இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று நாலைந்து இடத்தில் குனிந்து புல்லைப் பிடித்து இழுப்பார். நான் வந்த புதிதில் இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று கேட்டேன்.

"இஸ்தா அறுந்துகினு வரணும். அப்படின்னா வேரு கெட்டியா கீது, ஆடு மேயலாம். வேரோட வந்துட்டா அன்னிக்கே ஆட்ட வேற பக்கம் ஓட்டிடணும்" என்றார்.

அவருக்குத் தெரிந்த படிப்பு அதுதான். அதில் அவர் தவறியதே இல்லை. ஒருமுறை ஒரு தூர் வேரோடு வந்துவிட, அதைக் கையில் வைத்துக்கொண்டு எனக்குக் காட்டினார். வேர் கீழே போகவில்லை, பாய் முடைந்த மாதிரி பக்கவாட்டில் ஓடியிருந்தது. வேரெல்லாம் கேழ்வரகு அளவு வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் பொடி ஒட்டியிருந்தது.

"இந்தப் புல்லுதான் இங்க மண்ணப் புடிச்சிகினு கீது. புல்லு போச்சுன்னா மண்ணு போச்சு."

நான் சிரித்தேன். புல் என்றால் களையெடுக்க வேண்டிய ஒன்று என்று மட்டும் தெரிந்தவள் நான்.

யுத்தம் வந்தது. பர்மா அரிசி நின்றுபோனது. நெல் விளைவித்தவர்களே நெல்லை ஒளித்துவைக்க ஆரம்பித்தார்கள். பட்டி மடக்கினதற்கு நெல் அளந்துகொண்டிருந்த வீடுகளில் முதலில் பாதி நெல், பாதி கேழ்வரகு என்றார்கள். பிறகு முழுக்கக் கேழ்வரகு என்றார்கள். பிறகு, அடுத்த அறுப்பில் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுக் கதவுக்குப் பின்னால் போனார்கள். எங்கள் பெண்ணுக்கு அப்போது மூன்று வயது. கூழ்க் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு "சோறு" என்று அழுவாள். நான் அவளை அடிப்பேன். அடித்துவிட்டு நானும் அழுவேன்.

அந்த வருஷம் தை மாசம் என் அண்ணன் குழந்தைக்குக் காதுகுத்து. அயனம்பாக்கத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் என் பெண் சோற்றை இரண்டு கையாலும் அள்ளித் தின்றாள். எல்லாரும் பார்த்தார்கள். அண்ணி பரிமாறிக்கொண்டே என் காதில் விழும்படி பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்: "மூணு காணி வெச்சிகினு கீறாங்களாம். கொயந்த சோத்தயே பாக்காத மாரி துன்னுது பாரு. ஆட்டுக்காரன் ஊட்ல இன்னா இருக்கும்?"

அண்ணி சொன்னதைவிட, மூன்று காணி என்ற வார்த்தைதான் என்னைக் குடைந்தது. மூன்று காணியை வைத்துக்கொண்டு, ஒரு ஜோடி மாட்டையும் ஊராருக்கு வாடகைக்கு விட்டுக்கொண்டு, குழந்தைக்குச் சோறு இல்லை என்றால் அது யார் குற்றம்? ஊருக்குத் திரும்பும்போது வண்டியில் இதையே மென்றுகொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தேன். "மேட்ட ஓட்டிப் புழுதி நெல்லு வெதைக்கணும்" என்றேன். புழுதி நெல் எங்கள் பக்கம் புதிதல்ல. காய்ந்த மண்ணில் ஆடியில் விதைத்துவிட்டு மழைக்காகக் காத்திருப்பது. மழை வந்தால் முளைக்கும், ஐப்பசி மழைக்குத் தண்ணீர் கட்டினால் நெல்லாகும்.

"அது நெல்லுக்கு ஆவாதும்மே" என்றார் அவர். "ஒரு சாணு மண்ணுல தண்ணி எங்க நிக்கும்?"

"வரப்பு போட்டா நிக்கும்."

"கல்லு மேல நின்னா அது நிக்கறதில்ல. போறதுக்கு வழி பாத்துகினு கீதுன்னு அர்த்தம்."

இப்போது எழுதும்போது அந்தப் பதிலின் அழகு தெரிகிறது. அப்போது சோம்பேறியின் சாக்கு என்றுதான் என் காதில் விழுந்தது. சோம்பேறி என்றே சொல்லவும் சொன்னேன். ஏர் பிடிக்கத் தெரியாத கை என்றேன். என் நைனாவின் மாடுகள் வாடகைக்குப் போய் ஊரான் நிலத்தை உழுகின்றன, சொந்த நிலம் ஆட்டுப் புழுக்கையோடு கிடக்கிறது என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன், எழுத எனக்கே கை கூசுகிறது. அவர் ஆட்டுக்குத் தழை கட்டப் போய்விட்டார். நான் பெண்ணை இடுப்பில் தூக்கிக்கொண்டு அயனம்பாக்கத்துக்குக் கிளம்பிவிட்டேன். மேட்டில் ஏர் பூட்டினால்தான் திரும்பி வருவேன் என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டுப் போனேன்.

இருபது நாள் கழித்து அவர் வந்தார். பூந்தமல்லி வழியாக நடந்தே வந்திருந்தார். கால் முழுக்கப் புழுதி. வாசலில் நைனா உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். எடுத்த எடுப்பில், "ஏன் மாப்ள, வாடகைக்கு உடறதுக்கா மாட்டக் குடுத்தேன்?" என்று கேட்டார். அண்ணன்கள் இரண்டுபேரும் வரப்புப் போட்டுத்தர வருவதாகச் சொன்னார்கள். அவர்கள் வரப்பில் தண்ணீர் கசியாது என்று எங்கள் ஊரில் பேர். அவர் மோரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். கதவோரம் நின்றிருந்த எங்கள் பெண் ஓடிப்போய் அவர் மடியில் உட்கார்ந்தாள். அவள் தலையைத் தடவியபடி, "சரி மாமா" என்றார்.

நான் ஜெயித்துவிட்டேன். ஜெயித்த முகத்தோடு வண்டியில் ஏறினேன்.

மேய்ச்சல் இல்லாத பிறகு ஆடு எதற்கு? பங்குனியில் பூந்தமல்லிச் சந்தைக்கு எல்லாவற்றையும் ஓட்டிப்போனார். ஏரும் விதைநெல்லும் வந்தன. கிடா ஒன்று பாதிவழியில் திரும்பி ஓடிவந்து சுக்கான்மேட்டில் நின்றது. அதை மறுபடி பிடித்துக்கொண்டு போனார்.

சித்திரையில் நல்ல நாள் பார்த்துப் பொன்னேர் பூட்டினோம். மாட்டுக்கு மஞ்சள் குங்குமம் வைத்தேன், கொம்பில் பூச் சுற்றினேன், தேங்காய் உடைத்தேன். என் அண்ணன்தான் முதல் சால் ஓட்டினான். பத்து அடி போவதற்குள் ஏர் கல்லில் இடறியது. பல்லைக் கடிக்கிற மாதிரி ஒரு சத்தம். மாடு நின்றுவிட்டது. அண்ணன் வாலை முறுக்கினான், மறுபடி போனது, மறுபடி அதே சத்தம். பிறந்த நாள் முதல் உழவு பார்த்தவள் நான், அப்படி ஒரு சத்தத்தை உழவில் கேட்டதில்லை. அந்த இடத்திலேயே நிறுத்துங்கள் என்று சொல்லியிருக்கலாம். சுற்றி ஊரார் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நான் குலவை போட்டேன்.

ஒரு மூலை தவிர மேடு முழுக்கத் திருப்பி முடிக்க ஒரு மாசம் ஆனது. ஏர்முனைக் கொழு நாலு தேய்ந்தது. புல்லை வேரோடு பிடுங்கிக் குவித்துக் கொளுத்தினோம். புரட்டிய மண்ணோடு சுக்கான் பொடியும் கலந்து மேடே வெளுத்துப்போனது. பிறகு அண்ணன்கள் இருக்கிற மண்ணையே சுரண்டிச் சுரண்டி வரப்புப் போட்டார்கள். சரிவைச் சுற்றி ஒன்றின்கீழ் ஒன்றாக ஏழு வரப்பு, அயனம்பாக்கத்து வரப்பு. பார்க்கக் கண்ணுக்கு நிறைவாகத்தான் இருந்தது. என் வீட்டுக்காரர் அவர்கள் சொன்னதையெல்லாம் செய்தார். தன் பாட்டுக்குக் கூடையில் மண் சுமந்தார். ஒரு கூலியாளைப்போல இருந்தார் என்று இப்போது தோன்றுகிறது.

ஆடியில் விதைத்தோம். நாலு மழை சமயத்துக்குப் பெய்தது. பயிர் ஒரே சீராக முளைத்து வந்தது. பெண்ணைத் தூக்கிப்போய்க் காட்டி, "தோ பாரு, உன் சோறு" என்றேன். அவள் கைதட்டினாள். அண்ணிக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பினேன், அறுப்புக்கு வந்துவிட்டுப் போகும்படி. நானாகப் போய் அழைக்காமல் சொல்லி அனுப்பியதில் எனக்கு ஒரு கிறுக்குச் சந்தோஷம்.

ஆவணி கடைசியில் குருத்து மஞ்சளானது. பூச்சியோ என்று பார்த்தோம், பூச்சி இல்லை. தண்ணீர் போதவில்லையோ என்று குடத்தில் சுமந்து ஊற்றினேன். மஞ்சள் வெளுத்து வெள்ளையானது. பயிருக்குச் சோகை பிடித்த மாதிரி, நாளுக்கு நாள் ரத்தம் வற்றிக்கொண்டே போனது. அண்ணன் வந்து பார்த்தான். எரு போதாது என்றான். எரு போடுகிற ஆடுகள்தான் சந்தைக்குப் போய்விட்டனவே. என் வீட்டுக்காரர் ஒரு பயிரைப் பிடுங்கி வேரைப் பார்த்தார்.

"சுண்ணாம்பத் துன்னுது" என்றார். "கீழ இருந்தத மேல கொண்டாந்துட்டோம்."

கொண்டாந்துட்டோம் என்றார். கொண்டாந்துட்ட என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகும் எத்தனையோ சந்தர்ப்பம் வந்தது, ஒருநாளும் அப்படிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் ஒன்றுக்குப் பத்தாகத் திருப்பிக் கொடுத்திருப்பேன், சண்டை போட்டு ஓய்ந்திருப்போம். அந்த மனுஷன் அதற்கு இடம் கொடுக்கவே இல்லை.

ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை அடித்தது. முதல்நாள் வரப்புக்குள் தண்ணீர் கட்டி நின்றதும் நான் சந்தோஷப்பட்டேன். நின்றதா இல்லையா என்று அவரிடம் கேட்கவும் கேட்டேன். இரண்டாம் நாள் மத்தியானம் மேல்வரப்பு உடைந்தது. அந்தத் தண்ணீர் இரண்டாவது வரப்பில் மோத, அது உடைந்தது. பிறகு மூன்று, நாலு என்று எண்ணுவதற்கு நேரம் இல்லை. கல்லின்மேல் வழுக்கிக்கொண்டு மண் முழுசாக, பாயைச் சுருட்டினதுபோலக் கீழே போனது, பயிரோடு. நாங்கள் இரண்டுபேரும் மண்வெட்டியோடு நின்றோம். அவர் ஒரு இடத்தில் வரப்புக்கு முன்னால் படுத்து முதுகால் தண்ணீரைத் தடுக்கப் பார்த்தார். நான்தான் கையைப் பிடித்து இழுத்தேன். கலங்கல் தண்ணீர் வாய்க்காலில் இறங்கி ஊர்ச் சித்தேரிக்குப் போய்ச் சேர்ந்தது.

மழை விட்டு வெயில் வந்தபோது மேட்டைப் பார்க்க முடியவில்லை. கண் கூசியது. மூன்று காணியும் வெள்ளைக் கல். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன் என்று வாய்விட்டு அழுதேன். அப்படிப் போட்டுக்கொள்ள அங்கே ஒரு பிடி மண்ணாவது மிச்சம் இருந்ததா என்ன?

என்னை யாரும் சும்மா இரு என்று சொல்லவில்லை. சொன்னாலும் கேட்டிருக்கமாட்டேன். வைகாசியில் சித்தேரி வற்றியதும் வண்டல் எடுக்கச் சொன்னார்கள். மற்றவர்கள் நன்செய்க்கு அடித்தார்கள், நாங்கள் மேட்டுக்கு அடித்தோம். அந்த ஜோடி மாட்டை வண்டியில் பூட்டி, ஏற்றத்தில் நாளைக்குப் பத்து நடை. மூன்றாம் நாள் கூடையில் வாரும்போது கவனித்தேன். கறுப்பு வண்டலுக்கு மேலே நாலு விரல் அளவுக்கு வேறு மண் படிந்திருந்தது. அதில் வெள்ளை வெள்ளையாகக் கேழ்வரகு அளவில் பொடி. ஆட்டுப் புழுக்கை. கருகிய புல்தூர் ஒன்று. எங்கள் மண்ணைத்தான் எங்கள் மாட்டை வைத்து எங்கள் மேட்டுக்கே திரும்ப ஏற்றிக்கொண்டிருந்தோம். அவரிடம் காட்டினேன். அவர் முன்பே பார்த்திருந்தார். "தெரியும், அள்ளு" என்றார்.

கல் குத்திக் குத்தி இடதுபக்கத்து மாட்டின் குளம்பு பிளந்தது. லாடம் அடித்துப் பார்த்தோம், நிற்கவில்லை. புழு வைத்தது. ஆடி பிறப்பதற்குள் அது செத்துப்போனது. ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? அதையும் சந்தைக்கு ஓட்டிவிட்டோம். அள்ளிப் போட்ட வண்டலை அடுத்த ஐப்பசி எடுத்துக்கொண்டு போனது, இந்தமுறை மெதுவாக, ஒரு வாரம் சாவகாசமாக.

அப்போதுதான் காளவாய்க்காரர் ஒருவர் வந்தார். ஆவடிப் பக்கம் பட்டாளத்துக்கு வரிசை வரிசையாகக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த சமயம், சுண்ணாம்புக்குக் கிராக்கி. மனுஷர் நல்லவர்தான். மேட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏம்பா, மண்ண நீக்கற வேலையே இல்ல. எல்லாம் ரெடியா கீது" என்றார். மண்ணை நீக்கிவைத்தவள் நான் என்று அவருக்குத் தெரியாது.

மேட்டைக் கல்லெடுக்க விட்டபோது என் வீட்டுக்காரர் ஒரு விஷயம் மட்டும் கேட்டார். வடகிழக்கு மூலையில் ஒரு பாறைத் திட்டுக்குப் பின்னால் கால் காணிக்கும் குறைவாக ஓர் இடம் இருந்தது. ஏர் திரும்ப வசதியில்லாமல் உழாமல் விட்டது. அங்கே மட்டும் பழைய புல் இருந்தது. "அத்த மட்டும் தோண்டக்கூடாது" என்றார். "அங்க இருந்து புல்லு எறங்கி வரும். பத்து வருஷம் ஆவட்டும், வரும்." காளவாய்க்காரர் சிரித்துக்கொண்டே சரி என்றார். என் வீட்டுக்காரர் அதைச் சுற்றி முள் போட்டார்.

அதன்பின் இரண்டு வருஷம் அவர் தன் சொந்த மேட்டில் கூலிக்குக் கல் பெயர்த்தார். நான் கூடையில் சுமந்தேன். வீட்டில் சோறு வெந்தது, அதையும் சொல்லவேண்டும். பெண் சோறு தின்று வளர்ந்தாள். பொங்கலுக்கு ஊரெல்லாம் வீட்டுக்கு வெள்ளையடிப்பார்கள். எங்கள் வீட்டுக்கு மட்டும் அவர் அடிக்கவிடவில்லை. காலையில் வேலை தொடங்குமுன் அவர் அந்த மூலைக்குப் போய்க் குனிந்து நாலு இடத்தில் புல்லை இழுத்துப் பார்ப்பார். ஆடு இல்லை, மேய்க்கப்போவதில்லை, ஆனாலும் இழுப்பார். அறுந்து வந்தால் அன்றைக்கு என்னோடு இரண்டு வார்த்தை பேசுவார்.

கல்தூசி நெஞ்சில் இறங்கியதோ, வேறு எதுவோ, இருமல் வந்தது. சுதந்திரம் வருகிறது, வருகிறது என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்த அந்தக் கடைசி வருஷத்தில், புரட்டாசியில் அவர் பாயில் விழுந்தார். எழுந்து வாசலுக்கு வரவே முடியவில்லை. பூந்தமல்லி டாக்டர் ஊசிமருந்து எழுதிக்கொடுத்தார். வீட்டில் விற்பதற்கு ஒன்றும் இல்லை. காளவாய்க்காரர் வந்து விசாரித்தார். மேட்டில் நல்ல கல் தீர்ந்துவிட்டது, அந்த மூலையில்தான் இருக்கிறது என்றார். "ஒன் இஸ்டம்மா. நான் ஒண்ணியும் வற்புறுத்தல" என்றார்.

உள்ளே அவர் இருமுவது கேட்டது. நான் தலையாட்டினேன்.

இரண்டாவது முறையும் நான்தான். முதல்முறை குழந்தைக்குச் சோறு என்றேன், இரண்டாம்முறை புருஷனுக்கு மருந்து என்றேன். காரணம் சொல்வதற்கு எனக்கு எப்போதும் குறைவில்லை. பத்து நாளில் அந்த மூலையும் போய்விட்டது. மேடு என்பதே இல்லை, குழிகள்தான். மழைத்தண்ணீர் அவற்றில் பால்போல வெளுத்து நின்றது.

ஊசி வேலை செய்யவில்லை. படுத்தபடியே தினமும் காலையில் ஒரே கேள்விதான் கேட்பார்.

"மழ பேஞ்சிதே. புல்லு வந்துகீதா?"

"வந்துகீது."

"இஸ்துப் பாத்தியா?"

"பாத்தேன். அறுந்துகினுதான் வருது."

கண்ணை மூடிக்கொள்வார். எனக்கு அது பழகிப்போனது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூட்டிச் சொன்னேன். மூலையிலிருந்து பாறையைத் தாண்டி இறங்கிவிட்டது என்றேன். பத்தடி வந்துவிட்டது என்றேன். அந்தப் புல்லை நான் வாயாலேயே மூன்று காணிக்கும் வளர்த்தேன்.

கார்த்திகையில் ஒருநாள் காலை, "ஒரு தூரு கொண்டா. கண்ணால பாக்கறேன்" என்றார்.

கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மேட்டில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் அங்கே போனேன். குழிகளைச் சுற்றி வந்தேன். பிறகு சித்தேரிக் கரைக்குப் போனேன். அங்கே புல் தழைத்துக் கிடந்தது. அவர் மேட்டில் பார்த்த மாதிரியே ஊசிப்புல்லாகத் தேடி, தூரோடு ஒன்றைப் பிடுங்கினேன். வேரைக் கழுவலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். மண்ணோடு இருந்தால்தான் நம்புவார் என்று அப்படியே கொண்டுவந்தேன்.

அவர் கையை நீட்டி வாங்கினார். புல்லைப் பார்க்கவில்லை. என் புத்திக்கு அப்போதுதான் உறைத்தது. நேராக வேருக்குப் போனார். ஒட்டியிருந்த மண்ணைக் கட்டைவிரலால் நசுக்கினார். கறுப்பு மண், வழவழவென்று. ஒரு வெள்ளைப் பொடிகூட அதில் இல்லை. விரலை மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்தார். அந்த மேட்டு மண்ணைக் கண்ணைக் கட்டிவிட்டாலும் அவர் கண்டுபிடித்துவிடுவார். என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். வெள்ளையடிக்காத சுவர்.

"நல்ல புல்லு" என்றார். "நல்லா வந்துகீது."

தலையணைக்குப் பக்கத்தில் அதை வைத்துக்கொண்டார். மறுநாளிலிருந்து புல்லைப் பற்றிக் கேட்கவில்லை. நான்காம் நாள் போய்விட்டார்.

அந்த நாலு நாளில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். மூலையை நான்தான் கொடுத்தேன், மேட்டை நான்தான் கொடுத்தேன் என்று சொல்லியிருக்கலாம். வேண்டாததையெல்லாம் பேசித் தீர்த்த இந்த வாய்க்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை. அவர் விரலில் ஒட்டியிருந்த ஏரி மண்ணை ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். அவரும் கையைக் கொடுத்துக்கொண்டு படுத்திருந்தார்.